முப்பத்தைந்து பாகையில் கலப்படம்

ஐந்தாம் படிவத்தில் நான் வாங்கிய முதல் முட்டை முக்கோணவியலில்தான். சைன் வர்க்கத்தையும் கோசைன் வர்க்கத்தையும் கூட்டினால் எந்தக் கோணத்துக்கும் ஒன்று வரும், அதை நிரூபிக்க வேண்டும். நான் முப்பது, நாற்பத்தைந்து, அறுபது மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று வந்தது. 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதி அடிக்கோடும் இழுத்தேன்.

"மூணு கோணத்துக்குக் காட்டிட்ட. மத்ததுக்கெல்லாம் யாரு வந்து காட்டுவா?" என்றார் கணக்கு சார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். பாடம் மலாய் மொழியில், திட்டு தமிழில். "அடுத்த வெள்ளிக்கிழமை சோதனை. பத்துக்கு ஆறு எடுக்கலன்னா நீ கலைப்பிரிவுக்குப் போய்டு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கூடுதல் கணிதம் படிக்கிறேன் என்று அப்பா தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவருக்கு பேக்டரியில், தேயிலை ருசி பார்க்கும் அறையில் வேலை. ருசி பார்ப்பது துரை. பெட்டியிலிருந்து தூளெடுத்துக் கோப்பை வைப்பது அப்பா. இருபது பெட்டிக்கு மூன்றில் ஒவ்வொரு கரண்டி. மூன்றும் சரியென்றால் லோரி மலையிறங்கும்.

"மூணு பாத்தது பத்தலையாமா? பெரிய துரையா இருப்பாரு போல. சரிலா, இன்னும் நாலு பெட்டிய தொறந்து காட்டு" என்றார் அப்பா.

சனி, ஞாயிறு முழுக்க மழை. சிஃபிர் என்ற வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் சைன், கோசைன் எல்லாம் நான்கு தசம இடத்தோடு அச்சடித்திருக்கும். ஐந்து பாகையில் தொடங்கி ஐந்தைந்தாக ஏறினேன், ஒவ்வொன்றையும் கையால் பெருக்கி.

"எத்தனையில இருக்க?" என்றார் அம்மா.

"இருபத்தஞ்சுல மா."

"அம்பதுக்குள்ள வெறகு எடுத்துட்டு வந்துடு."

பத்துப் பாகையில் 0.9999 வந்தது. அப்பா அசரவில்லை. "காஞ்சா எடை கொறையுந்தான்." முப்பத்தைந்தில் 1.0001. அவர் முகம் மாறியது. "கூடுதா? அப்ப வெளியிலேர்ந்து என்னமோ கலந்திருக்கு." ஐம்பத்தைந்திலும் அதே 1.0001. "ரெண்டு பெட்டி! மொத்த லாட்டையே நிறுத்தணும்டா. சார்கிட்ட சொல்லிடு."

திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். "சார், முப்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு, ரெண்டு பெட்டியில கோளாறு. என்னன்னு தெரியிற வரைக்கும் இந்தப் பாடத்த நிறுத்தி வைக்கணும்."

"யாரு சொன்னது?"

"அப்பா சார். பேக்டரியில அப்படித்தான்."

சார் என் தாளை வாங்கிப் பதினேழு கோணத்தையும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "சிஃபிர்ல நாலு இடத்தோட நறுக்கிட்டான். இது நறுக்குனதுல வந்த பிசிறுடா. அம்பத்தஞ்சும் வேற பெட்டியில்ல, அதே ரெண்டு எண்ணு எடம் மாறி நிக்குது" என்றவர், கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தார். இரு பக்க வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம். எல்லாவற்றையும் கர்ண வர்க்கத்தால் வகுத்தார். இரண்டே வரி.

"எண்ணு எங்க சார்?"

"எண்ணே இல்ல. அதனாலதான் எல்லா எண்ணுக்கும் சரி."

வீட்டில் அதை அப்பாவிடம் சொன்னேன். "ஒரு கரண்டிகூட எடுக்காமலா? இது துரை காதுல விழுந்தா என் வேலை போயிடும்."

வெள்ளிக்கிழமை கேள்வி: டேன், கோட் இரண்டின் கூட்டுத்தொகை, செக், கோசெக் இரண்டின் பெருக்குத்தொகைக்குச் சமம் என்று நிரூபி. இடப்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஐந்து வரியில் வலப்பக்கம் போய்ச் சேர்ந்தேன். பத்து நிமிடம் மீதியிருந்தது. கை தானாக சிஃபிரைப் புரட்டியது. முப்பத்தைந்து பாகை. இந்தப் பக்கம் 2.1283. அந்தப் பக்கமும் 2.1283. அதையும் அடியில் எழுதி வைத்தேன்.

பத்துக்கு ஒன்பது. குறைந்த ஒன்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், 'இதை யார் கேட்டது?'

கூடுதல் கணித வகுப்பிலேயே இருக்கலாம் என்று அப்பாவிடம் தாளை நீட்டினேன். ஒன்பதை அவர் பார்க்கவேயில்லை. அடியிலிருந்த எண்களைத்தான் விரலால் தொட்டார்.

"முப்பத்தஞ்சு ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சு பா."

"அப்ப லோரி போகலாம்."