சிபிலில் வந்த பாரதி சார்

கடன் கிடைக்காது என்று வங்கியில் சொன்னதும் பாரதிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"உங்க மேல கோர்ட் தீர்ப்பு இருக்கு மேடம். கடன் விவரமெல்லாம் பதியற சிபில்ல வந்திருக்கு, பாருங்க" என்று மேலாளர் சௌந்தர்யா கணினியைத் திருப்பிக் காட்டினார். காட்பாடியில் ஒரு பைனான்ஸ் கம்பெனி. பைக் வாங்கக் கடன் கொடுத்தது, தவணை வரவில்லை, வழக்குப் போட்டது, தீர்ப்பும் வாங்கிவிட்டது. பாரதிக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தே பேர் எடுத்தவள் அவள். ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். எந்த வளைவிலும் அவள் மிஷின் நின்று யோசிக்காது. தையலும் விளிம்பை விட்டு விலகாது. அதைப் பார்த்துத்தான் ஒரு கம்பெனி, வீட்டிலேயே நாலு பெண்களை வைத்துத் தைத்துக் கொடுக்க அவளுக்கு ஆர்டர் தர ஒப்புக்கொண்டது. நசீர் அகமது பாய் கடையில் இரண்டு பழைய மிஷின்களையும் பார்த்து வைத்திருந்தாள். "பெங்களூர்காரன் கேக்கறான்மா. உனக்காக ஒரு மாசம் நிறுத்தி வெக்கறேன்" என்று பாய் சொல்லியிருந்தார். கடன் வராவிட்டால் மிஷின் போய்விடும். மிஷின் போனால் ஆர்டரும் போய்விடும்.

மறுநாளே அக்கா கமலத்தைக் கூட்டிக்கொண்டு காட்பாடிக்குப் போனாள். முன்பு ஒரு தையல் மிஷினுக்கு அதே பைனான்ஸில் கடன் வாங்கி, ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தாள்.

அங்கே வேலை பார்க்கும் இன்பராஜ், சிபிலில் இருந்த கடன் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா. பாரதி சார் வரலையா? நீங்க அவரு சம்சாரமா?" என்றான்.

"நான்தான் பாரதி."

"க. பாரதியா?"

"க. பாரதிதான். கண்ணாயிரம் பொண்ணு."

அவன் ஃபைலைப் பிரித்தான். புகைப்படத்தில் வழுக்கையும் தாடியுமாக ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கலவை ஊர்க்காரர். அப்பா பெயர் கன்னியப்பன்.

கமலம் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, இந்தத் தாடிய எப்போ எடுத்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

இன்பராஜாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடந்தது புரிந்துவிட்டது. ஒரே சமயத்தில் இரண்டு க. பாரதிகள் கடன் கேட்டு வந்திருக்கிறார்கள். யாரோ அவளுடைய பான் நம்பரை அவர் ஃபைலில் ஏற்றிவிட்டார்கள். பெயரும் இனிஷியலும் பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"சரி மேடம், நாங்க பாத்துக்கறோம். நீங்க கெளம்புங்க."

பாரதி எழுந்திருக்கவில்லை. "பாத்துக்கறோம்னா எப்படி சார்? எழுதிக் குடுங்க."

தப்பு தங்களுடையது என்று அவன் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்த பிறகுதான் எழுந்தாள். வேலூர் கோர்ட்டில் மனுப் போட்டுத் தீர்ப்பின் நகலையும் வாங்கினாள். 'கன்னியப்பன் மகன் பாரதி' என்று அதில் தெளிவாக இருந்தது. இரண்டையும் சேர்த்து சிபிலுக்குப் புகார் அனுப்பினாள். பதில் வரத்தான் நாளானது.

மாசம் முடியும் சமயத்தில் பாய் போன் செய்தார். "இன்னாம்மா ஆச்சு? பெங்களூர்காரன் பேஜார் பண்றான்."

"நான் ஆம்பள இல்லன்னு நிரூபிக்கணும் பாய். அதான் லேட்டாவுது."

அவள் முழுக் கதையையும் சொன்னதும் பாய் இருமும் வரை சிரித்தார். "நிரூபிச்சிட்டே வாம்மா. மிஷின் எங்கயும் போவாது. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அடுத்த வாரமே சிபிலில் அந்தத் தீர்ப்பு நீங்கியது. சௌந்தர்யாவே கூப்பிட்டுக் கடன் பாஸானதைச் சொன்னார். மிஷின்கள் குட்டியானை வண்டியில் வந்தன. ஆட்டம் கொடுக்கக் கூடாதென்று கமலம் பின்னால் அவற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்து வந்தாள்.

இறக்கிக்கொண்டிருக்கும்போது இன்பராஜ் போன் செய்தான். பாரதி ஸ்பீக்கரில் போட்டாள். "எல்லாம் சரியாயிடுச்சா மேடம்? அந்தக் கேஸ இப்போ கலவை பாரதி பேர்லயே ஏத்திட்டோம். இத்தன நாள் அவரு சிபில் சுத்தமா இருந்திச்சாம். இப்போதான் ஆடிப் போயிருக்காரு."

"நல்லா ஆடட்டும்" என்றாள் கமலம்.

பாரதி அவளைக் கையமர்த்தினாள். "அவரக் கூப்பிட்டுப் பேசி, வட்டியக் கொஞ்சம் கம்மி பண்ணி முடிச்சு வுடுங்க சார். கொஞ்ச நாள் நானும் அவரா இருந்திருக்கேன் இல்ல?"