ஜெராக்ஸ் ஜெபீனாவின் நான்கு அட்டைகள்

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு, அவர்கள் பிறந்த அன்று மழை கொட்டியது என்றோ, மலட்டுப் பசு கன்று போட்டது என்றோ தொடங்குவது வழக்கம். ஜெபீனா சின்னசேலத்தில் பிறந்த அன்று அப்படி எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை. சேலம் ரயில் வழக்கம்போல் வந்தது, வழக்கம்போல் போனது. இருபது வயதில் கள்ளக்குறிச்சி ரியாசுதீனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். ரியாசுதீன் குடையும் செருப்பும் விற்பவர். கடையில் பாதியைத் தடுத்து, ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷினை வாங்கிப் போட்டு, மனைவியை அதன் முன்னால் நிறுத்தினார். ஜெபீனா நின்றது நின்றதுதான். ஆயிற்று, பத்தொன்பது வருஷம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. பட்டா மாறுதலோ, முதியோர் ஓய்வூதியமோ, பக்கத்து வீட்டுக்காரன் சுவர் ஒரு சாண் தள்ளி நிற்கிற வழக்கோ, எந்த மனுவும் முதலில் ஜெபீனாவின் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்துதான் அதிகாரிகளின் மேசைக்குப் போகும். மெஷின் முரண்டு பிடித்தால் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டுவார். உடனே வழிக்கு வந்துவிடும்.

ஜெபீனாவுக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. கண்ணாடியில் படுத்த காகிதத்தில் என்ன இருந்தது என்று யாரிடமும் மூச்சு விடமாட்டார். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று யார் சின்ன உதவி கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். ஒன்று அவர் வாயைக் கட்டியதும், இன்னொன்று அவரைக் கவிழ்த்துப் பிறகு காப்பாற்றியதும்தான் இந்த வரலாறு.

அவருக்கு ஒரே ஒரு ஆசையும் இருந்தது. எத்தனையோ ஆயிரம் மனுக்களைப் பிரதி எடுத்தும், ஒன்றிலாவது அவர் பெயர் வந்ததில்லை. ‘இப்படிக்கு’ என்று போட்டுக் கீழே வரிசையாக எழுதியிருக்கும் பெயர்களை ஏக்கத்தோடு பார்ப்பார். அதைவிடப் பெரிய ஏக்கம், லெட்டர் பேடில் இடது ஓரமாக மேலிருந்து கீழே இறங்கும் பெயர்கள்மீது. தன் பெயர் அப்படி ஒரு ஓரத்தில் அச்சாகி இறங்கிவிட்டால் பிறவி எடுத்த பயன் கிட்டிவிடும் என்று நம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் ‘கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலை குடிமக்கள் நடுநிலை மன்றம்’ பிறந்தது.

அதைப் பெற்றெடுத்தவர் கொளஞ்சியப்பன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் எடைமேடை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த விவசாயியிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. குடித்தால் அந்த டீயின் கனம் எடையில் ஏறிவிடும் என்பார். உள்ளாட்சித் தேர்தல் வருவதற்குள் வேட்பாளர்கள் அத்தனை பேரையும் வெள்ளிமலையில் ஒரே மேடையில் உட்கார வைக்க வேண்டும். ஜனங்கள் கேள்வி கேட்க, அவர்கள் பதில் சொல்ல வேண்டும். இதுவே மன்றத்தின் நோக்கம். நிர்வாகக் குழுவில் இருப்பவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. இது விதி எண் மூன்று.

குழுவுக்கு முதலில் பதினொரு பேர் என்றுதான் எழுதினார்கள். கட்சி இல்லாத ஆளைத் தேடி இரண்டு மாதம் அலைந்த பிறகு அது ஏழானது. இன்னும் ஒரு மாதத்தில் நான்கானது. அந்த நான்கிலும் ஒரு இடம் காலியாகவே கிடந்தது. தலைவர் கொளஞ்சியப்பன். செயலாளர் தீனதயாளன், துருகம் சாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவர், கூட்டம் நடப்பதும் அதன் மாடியில்தான். மலைக்குப் பிரதிநிதி பச்சையம்மாள். மரவள்ளி போடுகிறவர், இரண்டு பஸ் மாறி இறங்கி வருவார், அந்த அலுப்பையெல்லாம் கூட்டத்தில் வட்டியோடு வசூலித்துவிடுவார். லெட்டர் பேடுக்கு நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று கூட்டம் ஆயிற்று. எந்த நிறத்தைத் தொட்டாலும் அதில் ஒரு கட்சி உட்கார்ந்திருந்தது. கடைசியில் சாம்பல் நிறம் ஏகமனதாகத் தேர்வானது. அதை இன்னும் எந்தக் கட்சியும் கண்டுபிடிக்கவில்லை.

நான்காவது ஆளாக ஜெபீனாவின் பெயரைச் சொன்னவர் பச்சையம்மாள். “அந்தப் பாயம்மா எல்லாக் கட்சிக்காரனுக்கும் ஒரே மாரிதான் ஜெராக்ஸு போடுது. ஒருத்தனுக்குக் கறுப்பா, ஒருத்தனுக்கு மங்கலான்னு போட்டு நான் பாத்ததில்ல” என்றார். இதைவிட நடுநிலைக்கு வேறு சான்று வேண்டுமா?

ஜெபீனா அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. லெட்டர் பேடின் மாதிரியைத் தானே கம்ப்யூட்டரில் அடித்து, தன் பெயரை விதவிதமான எழுத்தில் போட்டுப் போட்டுப் பதினொரு தாள் எடுத்துவிட்டார்.

ரியாசுதீன் தடுப்பு வழியாக எட்டிப் பார்த்தார். “இன்னா ஜெபீ, கோர்ட்டு தீர்ப்பு படிக்கிற மாரி படிச்சிக்கினு கீற?”

“என் பேருங்க! கீழ பாருங்க, நிர்வாகக் குழு உறுப்பினர்னு.”

“பாத்துட்டேன். ஒரு ஜோடி செருப்பு வித்துட்டு வந்து மறுபடியும் பாக்கறேன்.”

வெள்ளிமலைக் கூட்டத்துக்கான அழைப்புக் கடிதம், புது லெட்டர் பேடில், திங்கட்கிழமை காலை வேட்பாளர்களுக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னதாக, சனிக்கிழமை, கொளஞ்சியப்பன் குழுவின் அடையாள அட்டைகளை லேமினேஷன் போடக் கடைக்கு வந்தார்.

“எந்த சைஸ்ல போடட்டும் ஐயா? கண்ணாடிக்கு அடியில சாம்பிள் வெச்சிக்கிறேன் பாருங்க. பெருசு, சின்னது, முனை மழுக்குனது.”

கொளஞ்சியப்பன் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார். கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் நான்கு அட்டைகள். நான்கும் நான்கு கட்சிகளின் உறுப்பினர் அட்டைகள். நான்கிலும் ஒரே முகம் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது.

“ஜெபீனாம்மா… இது இன்னா?”

“சாம்பிள் ஐயா.”

“இந்த போட்டோ?”

“என்னுதுதான். பாஸ்போர்ட் சைஸ் எடுத்தா எட்டு குடுத்துடறான். வூட்ல சும்மா கெடந்துச்சு.”

“அம்மா, இது கட்சி அட்டைம்மா!”

“ஆமா ஐயா. நல்ல கெட்டி அட்டை. லேமினேஷன் சூப்பரா நிக்கும்.”

பாவம், ஜெபீனா உண்மையைத்தான் சொன்னார். அந்த வருஷம் கள்ளக்குறிச்சி வீதிகளில் மேசை போட்டு ஆள் சேர்த்த கட்சிகள் நான்கு. நான்கு கட்சியின் படிவமும் இவர் கடையில்தான் ஜெராக்ஸ் ஆனது. ஒவ்வொரு கட்சிக்காரரும் ஒருநாள் சாயங்காலம் வந்து தலையைச் சொறிந்தார். “அக்கா, நூறு பேர் சேக்கச் சொல்லிக்கிறாங்க. தொண்ணூத்தொம்போது வந்துடுச்சு. ஒரு பேரு கொறயுதுக்கா.” பேனா கேட்டால் கொடுக்கிறோம், சில்லறை கேட்டால் கொடுக்கிறோம். ஜெபீனா பெயரைக் கொடுத்தார். அட்டை வந்தது. அழகாக இருந்ததால் சாம்பிளுக்கு வைத்தார். தான் நான்கு கட்சிகளின் தொண்டர் என்பது இந்த நிமிஷம் வரை அவருக்கே தெரியாது.

“நாளைக்கிக் கூட்டத்துல பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சியப்பன் போனார். லேமினேஷன் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் நிர்வாகக் குழு கூடியது. நான்கு அட்டைகளும் மேசைமேல், குற்றத்துக்குப் பயன்பட்ட ஆயுதங்களைப்போல் வரிசையாக வைக்கப்பட்டன. கொளஞ்சியப்பன் எழுந்து நின்று விதி மூன்றை வாசித்தார். மனிதருக்கு உண்மையிலேயே வருத்தம். “எனக்கு இந்தம்மா மேல தனிப்பட்ட கோவம் எதுவும் இல்ல. ஆனா வேட்பாளருங்க கேப்பாங்க. கட்சி வாடையே படாத ஆளுங்கதான் இங்க ஒக்காரணும். நான் ஒக்காரலியா?”

இந்த இடத்தில் ஜெபீனாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வரக் கூடாதது. போன வருஷம் ஒரு கட்சிக்காரர் கிளை உறுப்பினர் பட்டியலை மூன்று பிரதி எடுத்தார். நாற்பத்தொன்றாவது பெயர்: கொளஞ்சியப்பன். போன் நம்பரும் இருந்தது. இவருடைய நம்பர்தான், ஜெபீனா ஒரு முறை பார்த்த நம்பரை மறக்கமாட்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு தலைகீழாகிவிடும். ஆனால் அது கண்ணாடியில் படுத்த காகிதம் ஆயிற்றே! ஜெபீனா உதட்டைக் கடித்துக்கொண்டு, லெட்டர் பேடின் இடது ஓரத்திலிருந்து தன் பெயர் ஒவ்வொரு எழுத்தாக உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராஜினாமா பண்ணிட்டா சரியாப் போச்சே” என்றார் தீனதயாளன்.

“நாலு கட்சியில இருந்து ஒரே நாள்ல வெலகுனா போட்டோவோட பேப்பர்ல வந்துடும் சார்” என்றார் ஜெபீனா மெல்ல. “அப்புறம் எவனாவது வந்து என்னை மாவட்டச் செயலாளர் ஆக்கிடுவான்.”

சேர்வதற்கு மேசை உண்டு, படிவம் உண்டு, மிஸ்டு கால் உண்டு. விலகுவதற்கு அப்படி எந்த வசதியும் இதுவரை செய்து தரப்படவில்லை என்பதைக் குழு கவலையோடு குறித்துக்கொண்டது.

பச்சையம்மாள் அதுவரை வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை வாயில் போடாமல் கீழே வைத்தார். “ஏன் தலைவரே, இந்தப் பாயம்மாவ மட்டும் சோதிச்சா எப்பிடி? கடையில வெச்சிருந்ததால மாட்டிக்கிச்சு. இப்பல்லாம் போன்லயே சேத்துடறாங்களாமே. அல்லாரும் போன எடுத்து மேல வைங்க!”

“வைக்கிறேன்! மொதல்ல என்னுத வைக்கிறேன்!” கொளஞ்சியப்பன் போனை எடுத்து மேசையில் வைத்த வேகத்தில் டைப்ரைட்டர்கள் அதிர்ந்தன. “தீனதயாளன், பாருங்க. கொடஞ்சி பாருங்க!”

தீனதயாளன் எடுத்தார். படிக்காத எஸ்.எம்.எஸ். நாலாயிரத்துச் சொச்சம். ‘உறுப்பினர்’ என்று தட்டித் தேடினார். அவர் முகம் கோணியது.

“இன்னா? படிங்க, சத்தமா!”

“வணக்கம் கொளஞ்சியப்பன். எங்கள் கட்சியின் உறுப்பினராக இணைந்தமைக்கு வாழ்த்துகள். இது வந்து ஆறு வருஷம் ஆவுதுங்க.”

கொளஞ்சியப்பன் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு உண்மை துண்டு துண்டாக வெளிவந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தெரியாத ஒரு நம்பரிலிருந்து போன் வந்து நின்றிருக்கிறது. யாராவது அவசரத்துக்குக் கூப்பிட்டார்களோ என்னவோ, திருப்பிப் பேசாமல் விடுவது மரியாதை இல்லையே என்று அந்த ஒழுக்கமான மனிதர் திருப்பி அடித்திருக்கிறார். ஒரு ரிங் போய்த் தானே கட்டாகிவிட்டது. அவ்வளவுதான். அந்த ஒரு ரிங்கில் அவர் தொண்டர் ஆகிவிட்டார்.

“உங்குளுது, சார்?” என்றார் பச்சையம்மாள், செயலாளரைப் பார்த்து.

தீனதயாளன் தன் போனில் தேடினார். இரண்டு கட்சி வந்தது. அதிலும் ஒன்று மகளிர் அணி.

பச்சையம்மாளிடம் ஒரு பட்டன் போன். அதில் ஒன்றுமே இல்லை. “எங்க ஊர்ல ஏது டவரு? போன் பேசணும்னா பாறை மேல ஏறணும்” என்றார். மலையில் டவர் இல்லாத காரணத்தால் மட்டுமே நாட்டில் ஒரு நடுநிலையாளர் எஞ்சியிருந்தார்.

ஒருவரை வைத்து நிர்வாகக் குழு நடத்த முடியாது. கொளஞ்சியப்பன் தலையைப் பிடித்துக்கொண்டார். மன்றத்தையே கலைத்துவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தபோது, ஜெபீனா மேசையிலிருந்த நான்கு அட்டைகளையும் கையில் எடுத்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தராசுல ரெண்டு தட்டும் காலியா இருந்தா இன்னா ஆவும்?”

“நேரா நிக்கும்.”

“ரெண்டு தட்டுலயும் ஒரே எடை வெச்சா?”

“அதுவும் நேராத்தான்…” கொளஞ்சியப்பன் பாதியில் நிறுத்தினார். முப்பத்தொரு வருஷத்து எடைமேடை அவர் கண்களுக்குள் எழுந்து நின்றது. “ஒரு தட்டுல மட்டும் வெச்சாத்தாம்மா சாயும்!”

“என்னுது நாலு பக்கமும் சமமா கீதுங்க.”

“இருக்குது! இருக்குதும்மா!” மனிதர் துள்ளி எழுந்தார். உடனே ஏதோ உறைத்துத் தொப்பென்று உட்கார்ந்தார். “அப்ப… சாஞ்சிக்கினு கீறவன் நான் ஒருத்தன்தானா?”

“நானுந்தாங்க” என்றார் மகளிர் அணி தீனதயாளன்.

விதி மூன்று அங்கேயே திருத்தப்பட்டது. நிர்வாகக் குழுவில் இருப்பவர் எந்தக் கட்சியிலும் இல்லாதவராக இருக்க வேண்டும், அல்லது எல்லாக் கட்சியிலும் இருப்பவராக இருக்க வேண்டும். பச்சையம்மாள் முன்மொழிந்தார், இப்போதுதான் வெற்றிலையை வாயில் போட்டார்.

அதன்பின் நடந்த ஊர்வலத்தைத் துருகம் சாலை நெடுநாள் மறக்காது. தலைவரும் செயலாளரும் ஓட்டமும் நடையுமாக ஜெபீனாவின் நியூ ஸ்டார் ஜெராக்ஸுக்கு வந்தார்கள். ஜெபீனா ஷட்டரைத் தூக்கினார். படிவங்கள் நான்கு கட்டாக எப்போதும் கையிருப்பில் இருக்கும். கொளஞ்சியப்பன் விடுபட்ட மூன்றையும் நிரப்பினார், தீனதயாளன் இரண்டை. ரியாசுதீன் ஒரு குடையை விரித்து, வெயிலில் நின்ற தலைவருக்குப் பிடித்தபடி கேட்டார்: “ஐயா, நடுநிலைக்கு இவ்ளோ அவசரமா?”

“சாயங்காலத்துக்குள்ள நேரா நிக்கணும் பாய்! நாளைக்கிக் காலையில லெட்டர் போவணும்!”

போனது. திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, சாம்பல் நிற லெட்டர் பேடில், இடது ஓரத்தில் நான்காவதாக ஜெபீனா ரியாசுதீன் என்ற பெயரோடு கடிதம் போனது. அனுப்பும் முன் ஜெபீனா அதைக் கண்ணாடியில் குப்புறப் போட்டார். மெஷின் அன்று முரண்டு பிடிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அவர் பெயர் அந்த வெளிச்சத்துக்குள் போய் வந்தது. பிரதி சூடாக இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை, கழுத்தில் புதுத் துண்டு போட்ட ஒருவர் கல்லாவின் முன் வந்து தலையைச் சொறிந்தார். துண்டின் நிறம் சாம்பல்.

“அக்கா, புதுசா ஒரு கட்சி ஆரம்பிச்சிக்கிறோம். நூறு பேர் வேணும். ஒரு பேரு கொறயுதுக்கா.”

ஜெபீனா ஒரு கையால் போட்டோ இருந்த டப்பாவைத் துழாவினார். மறு கையால் போனை எடுத்தார்.

“ஐயா, ஜெபீனா பேசறேன். தராசு மறுபடியும் சாஞ்சிடுச்சு. போட்டோ எடுத்துக்கினு ஓடி வாங்க!” பிறகு துண்டுக்காரரைப் பார்த்து, “ஒண்ணு போதாது தம்பி, மூணு பேரா எழுதிக்கோ. ரெண்டு பேரு வந்துக்கினே கீறாங்க” என்றார்.