ஈர்க்குச்சி நீளத்தில் ஒரு கால்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் காலை ஒன்பதரைக்கு டவுன் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். மூன்று மணிக்கு மேல் கொடைரோட்டில் எனக்கு ரயில். நடுவில் அரைநாள் மிச்சம் இருந்தது. சின்னாளப்பட்டி தாண்டி ஒரு பழைய செங்கல் சூளையை மண்பாண்ட, செங்கல் அருங்காட்சியகமாக மாற்றியிருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். கண்ணாடிப் பெட்டிகளைக் கண்டாலே கொட்டாவி விடுகிற ஆள் நான். வெயிலுக்கு ஒதுங்கவாவது ஆகும் என்று கிளம்பிவிட்டேன்.

எதிர் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார். அவரும் அருங்காட்சியகத்துக்குத்தான் நிறுத்தம் கேட்டார்.

"செங்கல்லப் பாக்கவா ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்தீக? எங்க வீட்டுக் கொல்லையிலயே கெடக்கே!" என்றார் நடத்துநர். நான் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

பத்தேகாலுக்கு இறங்கினோம். உள்ளே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் பூப்பறித்து முடித்த மல்லிகைத் தோட்டம், தூரத்தில் சிறுமலை. அவர் பெயர் மாரியம்மாள். இதே சூளையில் கணவரோடு கல் அறுத்தவர். மண்ணை அச்சில் அடித்துக் களத்தில் கவிழ்க்கிற வேலை. மகள் பாண்டிச்செல்விக்கு அப்போது ஐந்து வயது.

"அறுத்துப் போட்ட ஈரக்கல்லு மேல ஓடிட்டாண்ணே. மொதலாளி வையப் போறாருன்னு அந்தக் கல்ல எடுத்து ஒளிச்சு வெச்சேன். எம்புருசன் அதையும் சேத்துச் சூளையில அடுக்கிட்டாரு. அந்த வாரமே காச்சல்ல போயிட்டா."

கால் பதிந்த கல் ஒன்று இங்கே இருப்பதை அவருடைய நாத்தனார் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம். துணிப்பையிலிருந்து ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்துக் காட்டினார். பிள்ளையைக் கூட்டிப் போகாமல் சந்தையில் செருப்பு வாங்க, காலுக்கு நேராக வைத்து ஒடித்த அளவு அது.

"செருப்புதான் வாங்கல. இது மட்டும் இருக்கு. அந்தக் கல்லு அவதானான்னு இதை வெச்சுப் பாத்துட்டா எனக்குப் போதும்."

நுழைவுக் கட்டணம் இருபது ரூபாய். முதல் கூடத்தில் குதிர்கள், அடுப்புகள், தயிர்ச்சட்டிகள். பாதி எங்கள் வீட்டிலும் இருந்தவை. மாரியம்மாள் எதையும் பார்க்கவில்லை. அடுத்த கூடத்தின் மூலையில், கண்ணாடிக்குள் அந்தக் கல் இருந்தது. 'தொழிலாளர் குடிசைச் சுவரில் கிடைத்தது. யாரோ ஒரு குழந்தையின் கால்தடம்' என்று எழுதியிருந்தார்கள்.

காப்பாளர் முப்பது வயது இளைஞர். விவரம் கேட்டதும் மறுபேச்சில்லாமல் பெட்டியைத் திறந்தார். மாரியம்மாள் ஈர்க்குச்சியைத் தடத்தின் மேல் வைத்தார். கால் சிறியது. ஈர்க்குச்சி ஒரு விரல் கனம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குதிகாலை ஒட்டி வைத்தார், திருப்பி வைத்தார். எப்படி வைத்தாலும் நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

"வேற பிள்ளையோடதா இருக்கும்மா," என்றேன்.

"ஆமாண்ணே. எத்தனையோ புள்ளைக ஓடுச்சுக."

ஈர்க்குச்சியைப் பைக்குள் வைத்துவிட்டு நகர்ந்தவர், கதவருகே மேசையில் இருந்த மர அச்சைக் கண்டு நின்றார். பார்வையாளர்கள் தொட்டுப் பார்க்க வைத்தது. கை பழக்கத்தில் அதை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். அப்படியே நின்றார். பிறகு விறுவிறுவென்று திரும்பி வந்து, அச்சை அந்தக் கல்லின் மேல் கவிழ்த்தார்.

கல் அச்சுக்குள் லொடலொடவென்று ஆடியது. சுற்றிலும் சந்து.

"வெந்தா சுருங்கும்லண்ணே! அதுக்குத்தான அச்சையே பெருசா செய்யிறது. எம்புட்டுக் கல்லு அறுத்திருக்கேன், எனக்கே மறந்து போச்சு பாருங்க. கல்லு சுருங்குனா அவ காலும் சுருங்கத்தானே செய்யும்!"

காப்பாளர் ஈர்க்குச்சியை வாங்கி மறுபடி வைத்து, கல் சுருங்கிய கணக்கோடு அது நீட்டியிருந்த அளவை ஒப்பிட்டுப் பார்த்தார். "சரியாத்தாங்க்கா வருது," என்றார் மெல்ல. ஐந்து வயதில் எத்தனை பிள்ளைகளுக்கு அதே கால் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. காப்பாளருக்கும் தோன்றியிருக்கும். அவர் ஈர்க்குச்சியை மாரியம்மாளிடமே திருப்பிக் கொடுத்தார். மாரியம்மாள் அந்தத் தடத்துக்குள் தன் நான்கு விரல்களை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன்.

கல்லை எடுத்துப் போகிறீர்களா, மேலதிகாரிகளிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார் காப்பாளர்.

"வேண்டாம் தம்பி. இங்கதான ஓடுனா, இங்கனயே இருக்கட்டும். யாரோன்னு மட்டும் போடாதீக."

காப்பாளர் பேனாவை எடுத்து, 'யாரோ ஒரு குழந்தையின்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'பாண்டிச்செல்வியின்' என்று எழுதினார்.

ஒன்றரை மணிக்கு மீண்டும் பிரதான சாலை. எனக்குக் கொடைரோடு, அவருக்கு எதிர்ப்பக்கம். எங்கள் வீட்டு வாசலில் பேத்தியின் செருப்புகள் நான்கைந்து ஜோடி கிடக்கும். காலில் இடறுகிறது என்று நான் கத்தாத நாளில்லை. அதை நினைத்துக்கொண்டே நின்றேன்.

திண்டுக்கல் வண்டி முதலில் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"அண்ணே, செருப்புக்கடை மத்தியானம் அடைச்சிருவாகளா?"

"திறந்துதாம்மா இருக்கும்."

"செவப்புக் கலர் வேணும்னு கேட்டா," என்றார். பையைத் திறந்து ஈர்க்குச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏறினார்.