ஆயிரத்து இருபத்துநாலு இடங்கள்

டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலையை விட்டபின் எனக்குக் கிடைத்தது ஒரு சிறிய கொம்பனி. குளிர் அறைகளுக்கு எச்சரிக்கைக் கருவி செய்கிறவர்கள். கதவு திறந்து கிடந்தாலோ குளிர் குறைந்தாலோ கருவி கத்தும். சின்னத் திரையில் காரணத்தைக் காட்டும். அதற்குள் இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் என்ற சிப்புக்கு அசெம்பிளி மொழியில், ஒவ்வொரு கட்டளையாக, புரோகிராம் எழுதுவது என் வேலை.

அந்தச் சிப்பில் கட்டளைகள் வைக்க ஆயிரத்து இருபத்துநாலு இடங்கள்தான். ஒரு மார்ச் மாதம் முதலாளி வந்து, திரையில் பிரெஞ்சும் வரவேண்டும் என்றார். மிச்சம் இருந்ததோ ஒன்பது இடம். பிரெஞ்சு வசனங்களுக்கு, எழுத்துக்கு ஒன்றாக, குறைந்தது அறுபது இடம் வேண்டும். பெரிய சிப் போடலாமே என்றேன். சிப் பதிக்கிற மின்பலகைகள் எல்லாம் ஏற்கெனவே ஈயம் வைத்து முடிந்துவிட்டன என்றார். செய்யலாம் என்று சொல்லிவிட்டேன். திரும்பப் பொதி ஏற்றப் போகவேண்டி வருமோ என்ற பயம்தான் அப்படிச் சொல்ல வைத்தது.

புரோகிராமை அச்சடித்து, மெட்ரோவிலும் பேனையோடு இருந்தேன். ஒரே கட்டளைகள் நாலைந்து இடத்தில் வந்தால், அவற்றை ஒரு தனித் துண்டாக்கி, வேண்டிய இடத்திலிருந்து அழைத்தேன். அந்தத் துண்டுக்குள்ளிருந்து இன்னொரு துண்டை அழைத்தேன். நாலு நாளில் எழுபது இடம் மிச்சமானது. முடிந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன்.

சோதனை மேசையில் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தா. அன்று பின்னேரம் கருவியைக் கையில் கொண்டே வந்தா.

"தம்பி, இது கத்தேல்லை."

"என்ன செய்தனீங்கள்?"

"கதவைத் திறந்துவிட்டு, சூட்டையும் கூட்டினன். தனித்தனியச் செய்தால் கத்துது. ரெண்டும் சேர்ந்தா திரை மின்னிப்போட்டு முதல்லயிருந்து தொடங்குது."

"ரெண்டும் ஒரே நேரத்தில வாறது குறைவக்கா."

"கதவு திறந்து கிடந்தா சூடு வரும்தானே?"

கருவியை வாங்கி வைத்துவிட்டு, அச்சடித்த தாளில் அழைப்புகளை எண்ணினேன்.

ஒரு துண்டை அழைக்கும்போது, எங்கே திரும்பிவர வேண்டும் என்பதைச் சிப் குறித்து வைக்கும். எட்டுக் குறிப்புக்குத்தான் இடம். ஒன்பதாவது வந்தால் முதலாவதை அழித்து அதன்மேல் எழுதிவிடும். நான் துண்டுக்குள் துண்டாக அடுக்கியதில், இரண்டு எச்சரிக்கையும் சேர்ந்தபோது அதுதான் நடந்திருந்தது; திரும்ப வழி தெரியாமல் சிப் முதலிலிருந்து தொடங்கியது.

அக்கா முதலாளியிடம் போகவில்லை. நானே போய், பிழைவிட்டுவிட்டேன், இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்றேன். அவர் "வியாழக்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

ஒரு துண்டின் கடைசி வேலை இன்னொன்றை அழைப்பதென்றால், அழைத்துத் திரும்பத் தேவையில்லை. நேரே அங்கே பாயவிட்டால் போதும். இரண்டாவது துண்டு திரும்பும்போது இரண்டுக்குமாகத் திரும்பிவிடும். அப்படி மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் குறிப்பு ஒன்று குறைந்தது. கட்டளையும் ஒன்று மிச்சமானது.

வியாழன் காலை அக்கா இரண்டையும் சேர்த்துச் சோதித்தா. கருவி கத்தியது. "ஓம், இது சரி" என்று அடுத்த பலகையை எடுத்தா. நான் என் மேசைக்குப் போய், ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அந்த எட்டில் அது எத்தனை படி ஆழம் போகிறது என்று எழுதத் தொடங்கினேன்.