அப்பாவுக்கு அனுப்பிய ஜன்னல் பூக்கள்

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறக்கும் பழக்கம் எனக்குக் கல்யாணமாகி இந்த மலையில் சூரியநெல்லிக்கு வந்த பிறகுதான் வந்தது. கொழிஞ்சாம்பாறையில் அப்பா வீட்டில் வெயில் ஏறுவதற்குள் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிடுவோம். காற்று அள்ளிக்கொண்டு வரும் புழுதியும் வெயிலும் உள்ளே வரக் கூடாது. வெளிச்சம் என்பது எங்களுக்கு வாசலோடு நிறுத்திவைக்க வேண்டிய ஒன்று. இங்கே அது வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. கேரளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வந்தவள்தான் நான், ஆனாலும் வெளியூர்க்காரி. கடையில் மலையாளத்தில் பேசினால் "தமிழ்நாட்டில் எவிடயா?" என்கிறார்கள். பாலக்காடு என்றால் நம்புவதில்லை. எஸ்டேட் ஆட்களிடம் தமிழில் பேசினாலோ என் 'ங்க'வைக் கேட்டுவிட்டு, கோயம்புத்தூரா என்கிறார்கள். விளக்கிச் சலித்துப்போய் இப்போதெல்லாம் எதற்கும் தலையாட்டிவிடுகிறேன்.

கணவர் தேயிலை ஃபாக்டரியில் மெக்கானிக். அவர் கிளம்பிப் போன பிறகு குவார்ட்டர்ஸில் நானும் மழையும்தான். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்றுதான் போனில் பூக்களைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். டேலியாவையும் ஓடைக்கரையில் தானாக முளைக்கும் வெள்ளை லில்லியையும் கொண்டுவந்து ஜன்னலோரம் ஸ்டூலில் வைப்பேன். பின்னால் திரை மாதிரி கணவரின் கறுப்புக் குடை. பூவின் மறுபக்கம் இருண்டுபோகாமல் இருக்க, பழைய காலண்டர் அட்டையின் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். டியூப்லைட்டை மட்டும் கட்டாயம் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் கெட்டுவிடும். பனிமூட்டத்தின் வழியாக வரும் வெளிச்சம் இதழின் ஒரு ஓரத்தைத் தொட்டு மெல்ல உள்ளே இறங்கும். பக்கத்து வீட்டு செல்வராணி கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது எட்டிப் பார்த்து, "வெளியில பூத்துக் கெடக்குறத வீட்டுக்குள்ள கொண்டாந்து ஏங்க்கா போட்டோ எடுக்கீக? பூவுக்குச் சீக்கா?" என்றாள். வெளிச்சத்துக்காக என்றேன். வெளியே இல்லாத வெளிச்சமா என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நன்றாக வந்த படங்களை அப்பாவுக்கு அனுப்புவேன். பதிலுக்கு ஒன்றும் வராது. பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் போன் செய்தவர், "பூவெல்லாம் அழுதுட்டு நிக்கறாப்பல இருக்குது அம்மிணி" என்றார். அப்படியெல்லாம் இல்லை, இந்த ஊர் வெளிச்சமே அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். வெயிலில் பளீரென்று தெரிவதுதான் அவருக்குப் பூ. பாதி முகம் நிழலில் இருந்தால் அது ஏதோ கஷ்டத்தில் இருக்கிறது. பூ கஷ்டத்தில் இருந்தால் எடுத்தவள் எப்படி இருப்பாள் என்று அவராகவே கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் சாயங்காலம் பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறி வந்து, ஜீப்பில் இறங்கி வாசலில் நின்றார். தலையில் மப்ளர், கையில் காலிப் பெட்டி.

உள்ளே வந்ததும் முதல் வேலையாக டியூப்லைட்டைப் போட்டார். பழக்கதோஷத்தில் நான் அணைத்தேன். கரண்டுக்குக்கூட மாப்பிள்ளை கணக்குப் பார்க்கிறாரோ என்று அவர் முகத்தில் ஒரு சந்தேகம். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன எனக்கு. சாப்பிட்டு முடித்ததும், "நீ இங்க நல்லா இருக்கறயா, இல்லயா? பெட்டியக் கட்டு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொல்லாமல் கணவரைப் பார்த்தேன். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய் என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தாலாவது எனக்கு வழி தெரிந்திருக்கும்.

அன்று ராத்திரி அப்பா கொண்டுவந்த பெட்டியைக் கட்டிக்கொண்டே அந்தப் படங்களை நினைத்துப் பார்த்தேன். மழை விடாத நாட்களில் நான் அழுதிருக்கிறேன், அது பொய்யில்லை. ஆனால் படம் எடுக்கும்போது அழுததில்லை. அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்படியென்றால் அப்பா பார்த்தது எதை? அழகு என்று நான் நினைத்தது என் துக்கத்தைத்தானா? இல்லை, சமவெளிக் கண்ணுக்கு இந்த வெளிச்சம் பிடிபடவில்லையா? அந்தக் கண்தானே எனக்கும். எனக்கு மட்டும் எப்படிப் பிடிபட்டது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஜீப் வரட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பால் போல ஒரு வெளிச்சம் வந்தது. முந்தின நாள் மொட்டாக இருந்த டேலியா விரிந்திருந்தது. "ஒரு நிமிசமுங்கப்பா" என்று சொல்லி அதைக் கிள்ளிவந்தேன். ஸ்டூலில் அவர் இருந்ததால் கட்டிவைத்த பெட்டியை ஜன்னலுக்கு அடியில் நிமிர்த்தி, மேலே துண்டை விரித்துப் பூவை வைத்தேன். குடை, காலண்டர் அட்டை எல்லாம் தானாகக் கைக்கு வந்தன. வெளியே ஜீப் ஹாரன் அடித்தது எனக்குக் காதில் விழவில்லை. நிமிர்ந்தபோது அப்பா எழுந்து நின்று பூவையும் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பொறகு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, வெளிச்சம் போவதற்குள் இன்னொரு படம் எடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வாசலில் நின்றேன்.

நேற்று அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அப்பா போன் செய்து, பெட்டியைப் பிரித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி, இருக்கட்டும் என்றார். அது இன்னும் ஜன்னலுக்கு அடியில்தான் இருக்கிறது. பூ வைக்க உயரம் சரியாக இருக்கிறது. சேலை வேண்டுமென்றால் பூவை இறக்கிவைத்துவிட்டுத் திறந்து எடுக்கிறேன். துவைத்து, இந்த ஊர் மழையில் அது ஒருவழியாகக் காய்ந்ததும், மடித்து மறுபடி அந்தப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன்.