இரண்டாகத் தெரிந்தவள்

என் பழைய கேமராவை என் மனைவி ‘டப்பா’ என்றுதான் சொல்வாள். இலுப்பூரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள். தையல் மெஷினைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு டப்பாதான்.

கேமராவின் முகப்பில் இரண்டு சின்ன ஜன்னல்கள். பின்பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிரே இருக்கும் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, உள்ளே ஒரு கண்ணாடி அசைந்து, மங்கலான இரண்டாவது உருவம் நகர்ந்து வந்து முதல் உருவத்தின்மேல் உட்காரும். அப்போது வளையத்தில் நிற்கும் எண்தான் தூரம். விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கும். கிட்டே இருந்தால் அதிகம், தள்ளிப் போனால் கொஞ்சம். அந்தக் குதிப்பை வைத்துத்தான் டப்பா கணக்குப் போடுகிறது.

புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம், அவள் பட்டுச்சேலை கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கழுத்தில் எப்போதும்போல இஞ்சு டேப்.

“டப்பாவ எடுத்துட்டு வாங்க. மாலை போட ஒரு படம் வேணும்ல? போன்ல எடுத்தா மூஞ்சில மாவு பூசுன மாதிரி இருக்கு.”

“வாயக் கழுவு” என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் எடுத்து வந்தேன். அவள் சொல்லி எதை மறுத்திருக்கிறேன்?

உள்ளே இரண்டு பேராகத் தெரிந்தாள். வளையத்தைத் திருப்பினேன். சேரவில்லை. கண்ணீரில் இரண்டும் நாலாகிக் கலங்கின. துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அதே கதை. எனக்குத் தாங்கவில்லை.

“என்னங்க, இன்னுமா சேரல?”

“வெயில் கூசுது.”

“வெயிலு ஒங்க முதுகுப் பக்கம்ல இருக்கு.” டேப்பை உருவி ஒரு நுனியைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். “இந்தாங்க, அந்த நுனிய நீங்க புடிங்க. அளவெடுக்குறப்ப அழுதா துணி வீணாப் போகும்.”

மறுநுனியை டப்பாவோடு சேர்த்துப் பிடித்தேன். நாலு அடி. வளையத்தில் நாலை வைத்து, எதுவும் தெரியாமலே பட்டனை அழுத்தினேன்.

பிலிமைக் கழுவச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். “படம் வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் காரியத்துக்கு முதல் நாள்தான் வந்தது.

அத்தனை தெளிவு. சிரிக்கிறாள். டேப்பை விடவில்லை, அது அவள் தாடையிலிருந்து நேரே வந்து, கிட்டே வர வர மங்கிப்போகிறது.

“டேப்ப கம்ப்யூட்டர்ல அழிச்சுரலாம் சார்” என்றார் ஃபிரேம் கடைக்காரர்.

“வேணாங்க” என்றேன். “அந்த நுனியில நான் இருக்கேன்.”