வராத காரணம்

சரோஜா அக்கா இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க.

எனக்கு எப்படித் தெரிஞ்சது? நான் முன்னாடி வேலை பார்த்த டியூஷன் சென்டர் பேஜ்ல போஸ்டர் போட்டிருக்காங்க. ரோஜாப்பூ, மெழுகுவர்த்தி, நடுவுல அக்கா போட்டோ. கீழ "எங்கள் குடும்பத்தில் ஒருவர்"னும், நாளைக்குக் காலையில அவங்க வீட்டுல இறுதிச் சடங்குன்னும் எழுதியிருக்கு.

துக்கம் அப்புறம் வரும்... இப்போதைக்குக் கோவம்தான்.

சென்டர் ஓனர் சார், அக்காவ அரை மணி நேரத்துல பையத் தூக்கிட்டுக் கிளம்புன்னு சொன்னீங்களே, அப்ப எந்தக் குடும்பம்?

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க டவுன்ல, சிலிபின் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில அந்த சென்டர். நான் மலாய் மொழி டீச்சர், அக்கா கிராணி, அதாவது ஆபீஸ் கிளார்க். போன் எடுக்கிறது, வருகைப் புத்தகம் பார்க்கிறது, கடைசியில கூட்டிப் பெருக்கறதும் அவங்கதான்.

"ரப்பர் தோட்டத்துல கிராணின்னா தொப்பி போட்டுக்கிட்டு வெரட்டுவாரு டீச்சர். நான் தொடப்பத்த வெச்சு வெரட்டுறேன் லா"ன்னு சொல்லிச் சிரிப்பாங்க.

வருகைப் புத்தகத்துல "வராத காரணம்"னு ஒரு கட்டம் இருக்கும். மத்த இடத்துல கிராணியே "காய்ச்சல்"னு எழுதி முடிச்சிடுவாங்க. அக்கா எழுத மாட்டாங்க. புத்தகத்தத் திருப்பிப் பிள்ளைங்க பக்கம் தள்ளுவாங்க.

"காரணம் ஒன்னோடது. நீயே எழுது. ஒங்கம்மா வந்து கேட்டா இதத்தான் காட்டுவேன்."

பாதி கிளாஸ்ல கிளம்பறவங்களுக்கும் அதே சட்டம். ஃபார்ம் ஃபோர் படிக்கிற பையன் ஒருத்தன் "ஃபுட்சால்"னு எழுதிட்டுப் பந்தாடப் போனான். அவங்கம்மா வந்தப்ப அக்கா அப்படியே காட்டிட்டாங்க. அடுத்த தடவை அவன் பேனாவப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் தானாவே கிளாஸுக்குத் திரும்பிப் போயிட்டான். அக்கா பக்கோடா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

எனக்கு அப்ப இது வேலையத்த வேலையாத்தான் தெரிஞ்சது.

அப்புறம் துர்கா. ஃபார்ம் டூ. பழைய தோட்டத்துப் பக்கத்துல இருந்து வேன்ல வர்ற பொண்ணு. எதையும் பென்சில்லதான் எழுதுவா, அதுவும் மெல்லிசா... யாராவது எட்டிப் பார்த்தா உடனே அழிக்கிறதுக்கு.

கணக்கு கிளாஸ் ஓனர் சாரோடது. "ஒனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு? கூட்டுற வேலைக்குப் போ"ன்னு அவளப் பார்த்துச் சொல்வார். கிளாஸே சிரிக்கும். வெளிய அக்கா தொடப்பத்தோட நின்னுக்கிட்டு இருப்பாங்க.

ரெண்டு வாரம் துர்கா வரல. மூணாவது வாரம் வந்தப்ப அக்கா புத்தகத்தத் தள்ளினாங்க. அதுல கயித்துல கட்டின பேனாதான் இருக்கும், பென்சில் கிடையாது. நான் பக்கத்துலதான் போட்டோஸ்டேட் எடுத்துக்கிட்டு இருந்தேன்.

"சார் என்னை மக்கு என்று சொல்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். வீட்டில் இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்."

மூணு வரி. அவ கையெழுத்து. நான் பார்த்தேன்.

அக்கா படிச்சிட்டு, "ஒனக்குப் படிக்கணுமா, வேணாமா? எனக்காகச் சொல்லாத"ன்னாங்க.

"படிக்கணும்க்கா. அந்த ரூம்ல வேணாம்."

கவுண்டர் பக்கத்துலயே ஒரு மேசை போட்டாங்க. சார் கேட்டதுக்கு, "உள்ள எடம் பத்தல சார்"னு சொல்லிட்டாங்க. நான் பயிற்சித் தாள் கொடுப்பேன். ஒரு மாசம் இருக்கும்... ஒருநாள் என் கேள்வித்தாள்லயே ஒரு தப்பக் கண்டுபிடிச்சு, பேனாவால வட்டம் போட்டு என்கிட்டயே கொண்டு வந்து நீட்டினா. பென்சில் இல்ல, பேனா.

அந்த வாரம்தான் அவங்கம்மா வந்தாங்க. புத்தகத்தப் பார்த்தாங்க. நேரா சார் ரூமுக்குப் போய்க் கேட்டுட்டாங்க.

அவங்க போனதும் சார் என்னையும் அக்காவையும் கூப்பிட்டு, அக்காவப் பார்த்துக் கேட்டார். "பதினாலு வயசுப் பொண்ணு தானா இப்படி எழுதுமா? நீதான் சொல்லிக் கொடுத்து எழுத வெச்சிருக்க."

"அவளேதான் எழுதுனா சார். டீச்சர் பக்கத்துலதான் இருந்தாங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "மாலதி, நீங்க பார்த்தீங்களா?"

"நான் கவனிக்கல சார்."

ஆமா. நான்தான் சொன்னேன்.

அவர் அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் கசக்கி, "அரை மணி நேரத்துல பையத் தூக்கிட்டுக் கிளம்பு"ன்னு அக்காகிட்ட சொன்னார். அக்கா என்னைத் திட்டல, முறைக்கல. தண்ணி பாட்டில எடுத்துப் பையில வெச்சாங்க. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே, "வாரேன் டீச்சர்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

துர்கா அதுக்கப்புறம் வரவே இல்ல. நானும் அந்த வருஷக் கடைசியில நின்னுட்டேன். வேற வேலை கிடைச்சதாச் சொல்லிக்கிட்டேன்.

இன்னைக்கு அந்தப் போஸ்டருக்குக் கீழ நூறு பேர் கும்பிடு போட்டிருக்காங்க. சார் ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொல்லிக்கிட்டு இருக்கார்.

சார், நீங்க இதப் படிப்பீங்க. பிளாக் பண்ணுங்க, ரிப்போர்ட் பண்ணுங்க, ஆள் வெச்சுப் பேசுங்க. நான் அழிக்கப் போறதில்ல.

துர்கா, நீ எங்க இருக்கன்னு தெரியல. அத நீதான் எழுதுன. யாரும் சொல்லிக் கொடுக்கல. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

அக்கா... அஞ்சு நிமிஷத்துல வர்ற தூரம்தான் உங்க வீடு. நாலு வருஷமா நான் வரல. புத்தகத்த இந்தப் பக்கம் தள்ளுங்க.

பெயர்: மாலதி.
வராத காரணம்: பார்த்தேன். பார்க்கலன்னு சொன்னேன். உங்க மூஞ்சில முழிக்கப் பயமா இருந்துச்சு.

நாளைக்குக் காலையில வாரேன்க்கா.